படபடப்பு நின்ற பிறகும் மாத்திரை எதற்கு?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 68. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. போன மாதம் திடீரென்று படபடப்பு வந்தது. இசிஜியில் ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்றார்கள். மறுநாளே சரியாகிவிட்டது. ஆனாலும் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். ரத்தக்கசிவு வருமோ என்று பயமாக இருக்கிறது. ஆஸ்பிரின் போதாதா, டாக்டர்?

பதில்: போதாதம்மா. ஆஸ்பிரினாலும் ரத்தக்கசிவு வரும். ஆனால், இந்த நோயில் பக்கவாதத்தை அது சரிவரத் தடுப்பதில்லை.

இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதுதான் இந்த நோய். இடது மேலறையில் காதுமடல் போல ஒரு சிறு பை இருக்கிறது. நடுக்கத்தின்போது அதற்குள் ரத்தம் தேங்கி உறைகிறது. அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம். படபடப்பு வந்து வந்து போனாலும் இந்த ஆபத்து போகாது. பலருக்குப் படபடப்பே தெரியாது. மணிக்கட்டில் நாடி பிடிக்கும்போது துடிப்பு தாறுமாறாக இருப்பதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறோம்.

மாத்திரை வேண்டுமா என்பதை, பக்கவாத ஆபத்துக்கு மதிப்பெண் போட்டு முடிவு செய்கிறோம். அம்மாவுக்கு 65 வயதைத் தாண்டியதற்கு 1, ரத்த அழுத்தத்துக்கு 1, சர்க்கரைக்கு 1, ஆக 3. (75 வயதானால் வயதுக்கு மட்டுமே 2, முன்பே பக்கவாதம் வந்திருந்தால் அதற்கும் 2. இதயச் செயலிழப்பு, ரத்தக்குழாய் அடைப்பு இருந்தால் தலா 1.) பெண் என்பதற்கு 1 சேர்க்கும் பழைய கணக்கில் 4 வரும். எந்தக் கணக்கிலும் அம்மாவுக்கு மாத்திரை அவசியம்.

ஏன் வந்தது? நெடுநாள் ரத்த அழுத்தமே முதல் சந்தேகம். ஆனாலும் தைராய்டு ரத்தப் பரிசோதனையும் எக்கோவும் (இதய ஸ்கேன்) கட்டாயம் செய்யுங்கள். பலத்த குறட்டை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபடுவதும் ஒரு காரணம். எக்கோவை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வந்து இதயத்தைப் பாதிக்கும் காய்ச்சல்) இதயத்தின் இடப்பக்க மைட்ரல் வால்வு சுருங்கியவர்களை நம் ஊரில் இன்னமும் பார்க்கிறோம். அந்தச் சுருக்கம் ஓரளவு இருந்தாலே மதிப்பெண் பார்ப்பதில்லை. வார்ஃபரின் வகை மாத்திரை கொடுத்து, ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐஎன்ஆர் அளவு 2 முதல் 3-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

உங்கள் பயம் நியாயமானது. அதைக் குறைக்க வழி உண்டு: ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வையுங்கள், மூட்டுவலிக்குக் கடையில் தானாக மாத்திரை வாங்க விடாதீர்கள், சிறுநீரகப் பரிசோதனையை அவ்வப்போது செய்யுங்கள். மலம் கறுத்துப் போனால் அது உள்ளே ரத்தக்கசிவின் அறிகுறியாக இருக்கலாம்; உடனே டாக்டரைப் பாருங்கள். பல் பிடுங்கப் போனாலும் கேட்காமல் மாத்திரையை நிறுத்த வேண்டாம்.

வாய் கோணினாலோ, கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ 108-ஐ அழையுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய், கடைசியாக எத்தனை மணிக்கு அந்த மாத்திரையைச் சாப்பிட்டார் என்று சொல்லுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாமா என்று முடிவு செய்ய அது தேவைப்படும்.