பெசன்ட் நகர் கரையில் ஒதுங்கிய டால்பின்

கரை ஒதுங்கிய டால்பினை நாலு பேர் வாலைப் பிடித்து இழுத்துக் கடலுக்குள் விட்டும் திரும்பக் கரைக்கே வந்தது, நாங்கள் செய்தது தப்பா என்று கேட்டிருந்தீர்கள். மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்ட திமிங்கிலங்கள் ஒதுங்கியபோது மீனவர்கள் படகில் இழுத்துப்போய் விட்டும் பல திரும்பி வந்தன. ஆனால் வாலை இழுக்காதீர்கள், முதுகெலும்பு பிசகிவிடும்.

அடுத்த முறை முதலில் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை ஈரத் துணி போர்த்தி, குடை பிடித்து நிழல் கொடுங்கள். அப்புறம், தலை உச்சியில் ஒரு துளை படக்கென்று திறந்து மூடுமே, அதுதான் அதன் மூக்கு, தண்ணீரோ மணலோ துணியோ அதில் படவே கூடாது. செல்ஃபி கூட்டத்தைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள், சத்தத்திலேயே அது மிரண்டுவிடும்.