12 வருடம் ஷெட்டில் கிடந்த ஸ்போர்ட்ஸ் கார்: என்ன விலை கொடுக்கலாம்?

கேள்வி: நண்பரின் பெரியப்பா வீட்டு ஷெட்டில் 1971 மாடல் எம்ஜிபி ரோட்ஸ்டர் (துணிக்கூரை போட்ட பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று 12 வருடமாக ஓடாமல் நிற்கிறது. பெரியப்பா காலமாகிவிட்டார், குடும்பத்தார் காரை விற்க நினைக்கிறார்கள். நல்ல நிலையில் ஓடும் இதே காரின் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் கேட்கிறார்கள். சிறு வயதிலிருந்தே எனக்கு இந்தக் கார் மேல் ஆசை. வைப்பு நிதியை உடைத்து வாங்கலாமா? சரிசெய்து வைத்தால் நல்ல முதலீடு என்று நண்பர்கள் சொல்வது உண்மையா?

பதில்: உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. அதனால்தான் விலையைப் பற்றிப் பேசும் முன் ஒரு ஜாக்கியும் ஒரு காந்தமும் எடுத்துக்கொண்டு மறுபடி அந்த ஷெட்டுக்குப் போய் வாருங்கள் என்கிறேன். மூன்றில் ஒரு பங்கு மலிவா, அநியாயமா என்பதைக் காரின் அடிப்பாகம்தான் சொல்லும்.

எம்ஜிபிக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது. பாடியே எல்லாப் பாரத்தையும் தாங்குகிறது. ரோட்ஸ்டருக்குத் தகட்டுக் கூரையும் இல்லாததால், கதவுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் பெட்டி போன்ற பகுதிதான் காரின் முதுகெலும்பு. இதைச் சில் என்பார்கள். வெளித்தகடு, உள்தகடு, நடுவே இன்னொரு தகடு என்று அடுக்காக இருக்கும். தண்ணீரும் மண்ணும் உள்ளே தங்கி, உள்ளிருந்து வெளியே அரித்துக்கொண்டு வரும். மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்க, உள்ளே ஒன்றுமே இல்லாத கார்கள் நிறைய உண்டு.

முதலில் காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் கீழ் ஓரத்திலும் சில்லிலும் சக்கர வளைவுகளிலும் ஓட்டிப் பாருங்கள். பிடிக்காமல் நழுவும் இடத்தில் தகடு இல்லை, பட்டி பூசி மறைத்திருக்கிறார்கள். அடுத்து, கதவுக்கும் அதன் பின்னால் உள்ள தகட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியைக் கவனியுங்கள். மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் இருக்க வேண்டும். அப்புறம், குடும்பத்தாரிடம் சொல்லிவிட்டு, ஜாக்கி வைப்பதற்கென்று சில்லில் உள்ள இடத்தில் வைத்து மெதுவாக உயர்த்துங்கள். அந்த இடைவெளி மாறுகிறதா, கதவு சிரமமில்லாமல் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். கதவு இறுகிப் பிடித்தால் முதுகெலும்பு போய்விட்டது. ஜாக்கியே தகட்டுக்குள் புதைந்தால் மேற்கொண்டு எதையும் பார்க்கத் தேவையில்லை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள்.

இன்ஜினைப் பற்றி நான் இவ்வளவு கவலைப்பட மாட்டேன். 1798 சிசி, நான்கு சிலிண்டர், எளிமையான வார்ப்பிரும்பு இன்ஜின். 1962 முதல் 1980 வரை 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் தயாரானதால் உதிரி பாகங்களுக்குப் பஞ்சமில்லை. புதிய பாடியே இன்றும் கிடைக்கிறது. ஆனால் விற்பவர் ஆர்வத்தில் பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்ய முயன்றால் தடுத்துவிடுங்கள். சிலிண்டர் சுவர்கள் வறண்டிருக்கும், டேங்க்கில் பெட்ரோல் பிசினாக மாறியிருக்கும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, ஸ்பேனர் போட்டு இன்ஜினைக் கையாலேயே சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சுற்றினால் நல்லது. சுற்றாவிட்டால் இன்ஜினைப் பிரித்துச் செய்வதற்கான முழுச் செலவையும் கணக்கில் சேருங்கள். பிரேக், டேங்க், ரப்பர் குழாய்கள், டயர் எல்லாம் எப்படியும் மாற்ற வேண்டியவைதான்.

டயரை மாற்றும் முன் அதன் பக்கவாட்டில் ஒரு நான்கு இலக்க எண்ணைத் தேடுங்கள். 2309 என்றிருந்தால் 2009ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். 12 வருடம்தான் நின்றது என்ற பேச்சு சரியா என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. நான்குக்குப் பதில் மூன்று இலக்க எண் இருந்தால் அது 2000க்கு முன் செய்த டயர், அப்படியானால் கார் அவர்கள் சொல்வதைவிட அதிக காலம் நின்றிருக்கலாம்.

சரி, இப்போது பணம். விலையைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். நல்ல நிலையில் ஓடும் இதே காரின் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். சில் அரித்துப்போன காரென்றால், உதாரணத்துக்குப் பாடி வேலைக்கும் பெயிண்டுக்கும் 40, இன்ஜின், பிரேக் வகையறாவுக்கு 20, சீட், துணிக்கூரை, வயரிங்குக்கு 15. மொத்தம் 75. பழைய காரில் தகட்டைத் திறந்த பிறகுதான் முழு வேலையும் தெரியும் என்பதால் மதிப்பீட்டின் மேல் மூன்றில் ஒரு பங்கு சேர்க்கச் சொல்வேன். அது 25. ஆக, சும்மா கொடுத்தாலும் 100 செலவு. அவர்கள் கேட்கும் 33 முழுவதும் நஷ்டம்.

சில் உறுதியாக இருந்தால் கணக்கே வேறு. பாடிக்கு 10, மற்றவை அதே 35, எதிர்பாராச் செலவு 15. மொத்தம் 60. கையில் 40 மிஞ்சுகிறது, 33 நியாயமான விலை. ஒரே கார், ஒரே விலை, ஜாக்கி சொல்லும் பதில்தான் வித்தியாசம். இந்த எண்கள் உதாரணம்தான். பழைய கார் வேலை தெரிந்த மெக்கானிக்கிடமும் டிங்கரிடமும் எழுத்தில் மதிப்பீடு வாங்கி உங்கள் எண்களைப் போடுங்கள்.

நண்பர்கள் சொல்லும் முதலீட்டுக் கதையை நான் ஏற்கவில்லை. நிறுத்த இடம், காப்பீடு, பராமரிப்பு என்று கார் வருடா வருடம் தின்றுகொண்டே இருக்கும். யானையைக் கட்டித் தீனி போடுவது போலத்தான். வட்டியும் தராது, அவசரத்துக்கு ஒரே நாளில் விற்கவும் முடியாது. அதிகம் தயாரான மாடல் என்பதால் அபூர்வம் என்ற மதிப்பும் குறைவு. மகிழ்ச்சிக்காகச் செய்யும் செலவு என்று மனதாரச் சொல்ல முடிந்தால் வாங்குங்கள், அதில் தவறே இல்லை.

வைப்பு நிதி? ஆறு மாதக் குடும்பச் செலவும் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கியதும் போக மிச்சம் இருந்தால் மட்டும். வாங்கும் விலை மட்டுமல்ல, வேலைக்கான முழுத் தொகையும் அந்த மிச்சத்தில் அடங்க வேண்டும். என்னிடம் வந்த ஒருவர் காரை வாங்கவே பணத்தைத் தீர்த்துவிட்டு, பாதி பிரித்த நிலையில் நிறுத்திவிட்டார். வாங்கிய விலையில் பாதிக்குத்தான் விற்றது. பெட்டி பெட்டியாகக் கிடக்கும் காரை யாரும் நம்பி வாங்குவதில்லை. கடன் வாங்கிச் செய்வது அறவே வேண்டாம்.

பத்திரங்கள் முடியும் வரை முன்பணம் கொடுக்காதீர்கள். உரிமையாளர் இறந்துவிட்டதால் எல்லா வாரிசுகளின் ஒப்புதலும் வேண்டும். காரில் பொறித்த சேசிஸ் எண்ணும் பதிவுச் சான்றில் உள்ளதும் ஒன்றா, கடன் பாக்கி ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலைப் பதிவேட்டின்படி எந்த நிறம், எந்த இன்ஜின் எண் என்று சொல்லும் சான்றிதழைப் பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் கட்டணம் பெற்று வழங்குகிறது. அதையும் வாங்கி ஒப்பிடுங்கள்.

வாங்குவது என்று முடிவானால், காரை ஏற்றும் நாளில் ஷெட்டையும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். துணிக்கூரையின் கம்பிச் சட்டம், மாற்றுச் சாவி, கழற்றி வைத்த விளக்கு, பழைய பில்கள் எல்லாம் ஏதாவது மூலையில் கிடக்கும். அவற்றையும் சேர்த்துத்தான் விலை என்று முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.