பழைய குவாட் பைக்: 'டிக் டிக்' சத்தமும் ஒரு பக்கம் இழுக்கும் ஹேண்டில்பாரும்

கடற்கரையில் சவாரிக்கு ஓடி ஓய்ந்த நான்கு சக்கர குவாட் பைக்குகள் கைமாறி, முந்திரித் தோப்புக்கும் சவுக்குத் தோப்புக்கும் வந்து சேர்கின்றன. பழைய முதலாளி கவனிக்காமல் விட்ட கோளாறெல்லாம் கூடவே வருகிறது. கடலூர் பட்டறைக்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

பழைய 110 சிசி வண்டி வாங்கினேன். ஸ்டார்ட் செய்ததும் இன்ஜின் தலைப்பக்கம் 'டிக் டிக்' என்கிறது. இன்ஜினை இறக்கணும் என்கிறார் மெக்கானிக். இறக்கட்டுமா அண்ணா? (தேவனாம்பட்டினம்)

அவசரப்படாதீர்கள். முதலில் ஆயில் அளவைப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே மேலே வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கர்கள் கத்தத் தொடங்கும். அளவு சரியாக இருந்தால், நீளமான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை எடுத்து, முனையை இன்ஜின் தலையில் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேளுங்கள். வால்வு மூடிக்கு நேராகச் சத்தம் பலமாக இருந்தால் டேப்பெட்டாக, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடியதாக, இருக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

டேப்பெட் சரிசெய்ய இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் தொடுவது நல்லது. இடது பக்க மூடியைத் திறந்து, மேக்னட் வீலில் உள்ள 'டி' குறி நேராக வரும்வரை சுற்றுங்கள். இரண்டு ராக்கரும் லேசாக ஆட வேண்டும். ஒன்று இறுகி நின்றால் இன்னும் ஒரு முழுச் சுற்று. இந்தப் படுக்கை இன்ஜின்களில் பெரும்பாலும் இடைவெளி 0.05 மி.மீ.தான், உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே வையுங்கள். அந்த இடைவெளியில் செருகி அளக்கும் ஃபீலர் கேஜ் தகடு, கனமான புத்தகத்துக்குள் செருகிய ரூபாய் நோட்டை உருவுவதுபோல லேசான பிடியோடு வர வேண்டும். சத்தமே கேட்கக் கூடாது என்று சிலர் இறுக்கிவிடுவார்கள். வால்வு முழுதாக மூடாமல் கருகிப்போகும். அதற்கு லேசான 'டிக்' எவ்வளவோ தேவலை.

இன்னொன்று. சைலன்சர் இன்ஜினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் போயிருந்தாலும் அச்சு அசல் இதே சத்தம் வரும். நானே ஒரு தடவை டேப்பெட் என்று நம்பி, ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டி, சாயங்காலம்தான் அந்த இணைப்பைச் சுற்றிக் கரி படிந்திருந்ததைப் பார்த்தேன். நீங்கள் முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

ரேஸை விடும்போது 'கரகர' என்று சங்கிலி ஆடுவதுபோல ஒரு சத்தம். (நெல்லிக்குப்பம்)

இன்ஜினுக்குள் வால்வுகளை இயக்கும் கேம் செயின் தளர்ந்திருக்கலாம். அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும், செயின் உரசும் ரப்பர் கைடையும் பார்க்கச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் செயின் பல் தாண்டும். அப்புறம் வால்வு பிஸ்டனில் இடிக்கும் ஆபத்து உண்டு.

சுமை ஏற்றி மேட்டில் ஏறும்போது அடியிலிருந்து 'டொக் டொக்' என்று கனமாக இடிக்கிறது. (நெய்வேலி)

ஓட்டாதீர்கள். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் பேரிங்காக இருக்கலாம். கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போங்கள்.

முந்திரித் தோப்பில் ஓட்டுகிறேன். ஹேண்டில்பார் ஒரு பக்கம் இழுக்கிறது, குண்டும் குழியுமான இடத்தில் கையை உதறுகிறது. திருப்பினாலும் நேராகவே போகப் பார்க்கிறது. ஷாக் அப்சார்பர் மாற்றலாமா? (பண்ருட்டி)

காசை வெளியே எடுப்பதற்கு முன் காற்றைப் பாருங்கள். இந்த டயர்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐ வரைதான் வேண்டும்; சரியான அளவு வண்டி ஸ்டிக்கரில் இருக்கும். பெட்ரோல் பங்கில் பைக்குக்கு அடிப்பதுபோல 25 அடித்துவிட்டால் டயர் பந்து மாதிரி துள்ளும். பங்க் மீட்டரில் இவ்வளவு குறைந்த காற்று சரியாகத் தெரியாது, குறைந்த அழுத்த மீட்டர் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இடது வலதில் ஒரு பிஎஸ்ஐ வித்தியாசம் இருந்தாலே வண்டி இழுக்கும்.

அடுத்து முன்பக்கத்தைத் தூக்கி நிறுத்துங்கள். டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள்: ஆடினால் பெரும்பாலும் சக்கரத்தைத் திருப்பும் டை ராடின் முனை. மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இவை தேய்ந்திருக்கும்போது புது ஷாக் அப்சார்பர் போட்டால் பணம்தான் போகும், உதறல் போகாது.

ஆட்டம் இல்லையென்றால் சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று பாருங்கள். ஹேண்டில்பாரை நேராகக் கட்டி, இரண்டு முன் டயரின் நடுவிலும் அச்சு உயரத்தில் சாக்பீஸ் கோடு போட்டு, முன்பக்க இடைவெளியை டேப்பால் அளங்கள். அப்படியே வண்டியை உருட்டி, கோடு பின்பக்கம் வந்ததும் மறுபடி அளங்கள். பொதுவாக முன்பக்க அளவு சில மில்லிமீட்டர் குறைவாக இருக்க வேண்டும்.

நேராகவே போகும் குணம் கோளாறு இல்லை. பல பழைய வண்டிகளில் பின் அச்சு ஒரே தண்டு, இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் டிஃபரன்ஷியல் கிடையாது. வளைவில் உள்பக்கச் சக்கரம் சற்று வழுக்கினால்தான் வண்டி திரும்பும். உடம்பை வளைவின் உள்பக்கம் சாய்த்து, வெளிப்பக்கக் காலை ஃபுட்ரெஸ்டில் அழுத்துங்கள். பின் கேரியரில் இரண்டு மூட்டை முந்திரி ஏற்றியிருந்தால் முன் சக்கரத்தில் பாரம் இராது, எப்படித் திரும்பும்? ஒரு மூட்டையை இறக்குங்கள்.

அப்படியே ஏர் ஃபில்டரையும் கழற்றுங்கள். உங்கள் ஊர்ச் செம்மண் புழுதி மாவு மாதிரி. ஃபில்டர் கிழிந்திருந்தால் பிஸ்டன் ரிங்கைத் தின்றுவிடும். ஃபோமைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, ஃபில்டர் ஆயில் தடவிப் பிழிந்து மாட்டுங்கள்.

மணலில் ஓட்டியதும் தினமும் கழுவுகிறோம். அப்படியும் புஷ், பேரிங் எல்லாம் துருப்பிடிக்கிறதே? (வீராம்பட்டினம், புதுச்சேரி)

எந்தத் தண்ணீரில்? கடலோர போர்த் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும். நாக்கில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். கரித்தால், கடைசியாக இரண்டு குடம் நல்ல தண்ணீராவது ஊற்றுங்கள். இன்ஜின் ஆறிய பிறகு ஊற்றுங்கள். பிரஷர் பம்பை பேரிங் சீல் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம், தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வண்டி காய்ந்ததும் கிரீஸ் நிப்பிள்களில், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை புதுசை ஏற்றுங்கள்.