ரன்வே நீண்டால் உங்கள் மொட்டை மாடி என்ன ஆகும்?

கேள்வி: கோயம்புத்தூரில் சின்னியம்பாளையம் பக்கம் எங்களுக்கு 5 சென்ட் சைட் இருக்கிறது. தரைத்தளமும் மேலே 2 மாடியும் கட்டி, மாடிகளை வாடகைக்கு விடலாம் என்று எண்ணம். "ஏர்போர்ட் விரிவாக்கம் வருது, இப்போ கட்டாதே, பொறு" என்கிறார் அப்பா. 2010-லிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறோம். புரோக்கரோ பக்கத்து சைட்டையும் சேர்த்து வாங்கிப் போடுங்க, ரன்வே வந்தா விலை மூணு மடங்கு என்கிறார். கட்டலாமா, பொறுக்கலாமா, வாங்கலாமா?

பதில்: கட்டுங்கள். ஆனால் இன்ஜினியரிடம் பிளான் போடச் சொல்வதற்கு முன்னால் இரண்டு விஷயங்களைக் காகிதத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். பக்கத்து சைட்டைக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். ஏன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் அப்பாவின் பயத்தில் பாதி நியாயமானது, அந்தப் பாதி எது என்று தெரிந்தால்தான் மீதியை விட முடியும்.

விமான நிலைய விரிவாக்கம் என்றதும் எல்லோருக்கும் கண்ணாடி வைத்த புது டெர்மினல்தான் ஞாபகம் வரும். உண்மையில் அது கடைசியில் வருவது. திட்டம் போடுகிறவர்கள் முதலில் பார்ப்பது அடுத்த 20, 30 வருடத்தில் எத்தனை பயணிகள், எவ்வளவு சரக்கு, எந்த அளவு விமானம் வரும் என்பதை. அதற்கு எவ்வளவு நீள ரன்வே வேண்டும், எத்தனை விமானம் நிற்க இடம் வேண்டும், அப்புறம் டெர்மினல், அப்புறம் வெளியே ரோடு என்று ஒவ்வொன்றாகக் கணக்குப் போட்டு, கடைசியில் இவ்வளவு நிலம் வேண்டும் என்று கோடு போடுவார்கள். இதில் எது குறைவோ அதுதான் மொத்த நிலையத்தின் அளவு. சென்னையைப் பாருங்கள். மீனம்பாக்கத்தில் 2013-ல் புது உள்நாட்டு டெர்மினல், 2023-ல் இன்னொரு பெரிய டெர்மினல் என்று திறந்தார்கள், ஆனால் அங்கே இருக்கும் இரண்டு ரன்வேயும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன, ஒரு பக்கம் அடையாறு, சுற்றிலும் மலைக் குன்றும் ஊரும். டெர்மினல் எவ்வளவு கட்டினாலும் ரன்வே அதேதான். சென்னைக்கு இன்னொரு விமான நிலையம் என்று பரந்தூரில் திட்டம் போட்டதற்கு அதுவே காரணம்.

நம் ஊர்க் கதை வேறு. கோவை விமான நிலையம் இருக்கும் பீளமேட்டில் ரன்வே 2,990 மீட்டர். அதை 3,800 மீட்டர் அளவுக்கு நீட்டுவதுதான் திட்டத்தின் உயிர். சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் நடுத்தர விமானம் இப்போதே போகிறது. நிறைய எரிபொருளும் சரக்கும் ஏற்றிக்கொண்டு தூர தேசத்துக்குப் போகிற பெரிய விமானத்துக்குக் கூடுதல் நீளம் வேண்டும். அதுவும் நம் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 404 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சித்திரை வெயிலில் காற்று இன்னும் லேசாகிவிடும், விமானம் மேலே எழும்ப இன்னும் நீளமாக ஓட வேண்டியிருக்கும். இதற்காக 2010-ல் சுமார் 627 ஏக்கர் எடுப்பதாக அறிவித்தார்கள். பெரும்பகுதி பட்டா நிலம், கொஞ்சம் பாதுகாப்புத் துறையின் நிலம். அந்த நிலம் விமான நிலைய ஆணையத்தின் கைக்குப் போய்ச் சேரவே கிட்டத்தட்ட 15 வருடம் ஆகிவிட்டது.

இந்த 15 வருடம் இருக்கிறதே, அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. கட்டட அனுமதி வேலையில் அந்தப் பக்கம் நிறைய வீடுகளுக்குப் போயிருக்கிறேன். ஒரு பெரியவர் வீட்டில் ஓடு உடைந்து மழைக்கு ஒழுகும், மாற்றாமல் நீலத் தார்ப்பாய் போட்டு மேலே செங்கல் அடுக்கி வைத்திருந்தார். "எப்படியும் எடுத்துக்கப் போறாங்க, எதுக்குங்க செலவு" என்றார். அடுத்த வருடம் போனபோது தார்ப்பாய் மட்டும் புதிது. விற்க முடியாது, பாங்கில் வைத்துக் கடன் வாங்க முடியாது, மகள் கல்யாணத்துக்கு ஆகாது. நிலம் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, ஊருக்கு ரன்வே வேண்டும்தான். ஆனால் கோட்டைப் போட்டுவிட்டுப் பணத்தைப் பத்து வருடம் கழித்துக் கொடுப்பது திட்டமிடல் இல்லை. நீண்ட காலத் திட்டம் என்றால் முதல் வேலையே கோட்டுக்குள் இருப்பவர் யார், வெளியே இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் ஒரே நாளில் தெளிவாகச் சொல்வதும், உள்ளே இருப்பவருக்கு உடனே கணக்கை முடிப்பதும்தான்.

நிலத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதன் பலனைப் பெங்களூரில் பார்க்கலாம். தேவனஹள்ளியில் தொடக்கத்திலேயே சுமார் 4,000 ஏக்கர் ஒதுக்கி, 2008-ல் ஒரு ரன்வேயோடு திறந்தார்கள். இரண்டாவது ரன்வே 2019-ல், இரண்டாவது டெர்மினல் 2022-ல், எல்லாம் ஏற்கெனவே இருந்த நிலத்துக்குள். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வளைத்துப் போடுவதும் தப்பு. கனடாவில் மாண்ட்ரியல் பக்கம் மிராபெல் என்ற இடத்தில் 1969-ல் ஏறத்தாழ 97,000 ஏக்கர் எடுத்தார்கள், விவசாயக் குடும்பங்களை எழுப்பினார்கள், 1975-ல் திறந்தார்கள். எதிர்பார்த்த கூட்டம் வரவே இல்லை. எடுத்த நிலத்தில் பெரும்பங்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது, 2004-ல் பயணிகள் விமானமே நின்றுபோனது.

சரி, உங்கள் சைட்டுக்கு வருவோம்.

முதல் காகிதம், சர்வே எண். பேப்பரில் "சின்னியம்பாளையம் பகுதி" என்று வருவதை நம்பாதீர்கள், டீக்கடைப் பேச்சையும் நம்பாதீர்கள். நில எடுப்பு நடப்பது ஊர்ப் பெயரில் இல்லை, சர்வே எண், உட்பிரிவு என்ற கணக்கில். உதாரணத்துக்கு, 214-ம் சர்வே எண்ணில் 2ஏ உட்பிரிவு உள்ளே இருக்கும், 2பி வெளியே இருக்கும், நடுவில் ஒரு வேலிதான் இருக்கும். உங்கள் பத்திரம், பட்டா, புலப்பட வரைபடம் (எல்லை அளவுகளைக் காட்டும் சர்வே படம்) மூன்றையும் எடுத்துக்கொண்டு, உட்பிரிவு எண் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்புறம் கலெக்டர் அலுவலகத்தில் நில எடுப்புப் பிரிவில் அந்த எண் எந்த அறிவிப்பிலாவது வந்திருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். பதில் இழுத்தடித்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, பதிவான பத்திரங்கள்தான் அதில் வரும், நில எடுப்பு அறிவிப்பு அதில் ஏறியிருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் எண் இல்லை என்று எழுத்தில் வந்துவிட்டால், அப்பாவிடம் அந்தத் தாளைக் காட்டுங்கள். பொறுப்பதற்கு அதற்குமேல் காரணம் இல்லை.

இரண்டாவது காகிதம் பற்றித்தான் பெரும்பாலானோருக்குத் தெரியாது. நிலத்தை எடுக்காவிட்டாலும் உங்கள் தலைக்கு மேலிருக்கும் வானத்தை விமான நிலையம் எடுத்துக்கொள்ளும்.

ரன்வேயின் முனையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, வெளிப்பக்கமாக ஒரு சாய்தளம் கற்பனையாக எழும்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விமானம் இறங்கி வருகிற பாதைக்குக் கீழே இருக்கும் பாதுகாப்புத் தளம் அது. முதல் 3 கிலோமீட்டருக்கு அதன் சாய்வு 50-க்கு 1, அதாவது 50 மீட்டர் தள்ளிப் போனால் 1 மீட்டர் உயரும். அந்தத் தளத்தை எதுவும் குத்திக்கொண்டு நிற்கக் கூடாது. சுவர், தண்ணீர்த் தொட்டி, லிஃப்ட் அறை, டிஷ் ஆன்டெனா, இடிதாங்கி எல்லாம் கணக்கு. தென்னை மரமும் கணக்குத்தான், தடையாக நிற்கும் கட்டடத்தையும் மரத்தையும் அகற்ற 1994-லேயே தனி விதிகள் வந்துவிட்டன.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ரன்வே நேர்கோட்டில், அந்தத் தளம் தொடங்கும் இடத்திலிருந்து 1,400 மீட்டர் தூரத்தில் ஒரு சைட். 50-ஆல் வகுத்தால் 28 மீட்டர். 6 தளம் தாராளமாக எழுப்பலாம். அதே பக்கம் ரன்வே 800 மீட்டர் நீண்டுவிட்டால் சைட் நகரவில்லை, சாய்தளம் நகர்ந்துவிட்டது. தூரம் 600 மீட்டர், உயரம் 12 மீட்டர். நீங்கள் கட்ட நினைக்கும் மூன்று தளம் மட்டும் 10 மீட்டர் வரும். மாடிப்படி மேல் கூரை இரண்டரை மீட்டர், அதன் மேல் சின்டெக்ஸ் தொட்டி ஒன்றரை. மொத்தம் 14. தொட்டியும் கூரையும் வெளியே நிற்கும். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் கான்கிரீட் போட்டு முடித்த பிறகு மேல் அறையை வெட்டி இறக்கினார்கள். அந்த டிரில்லர் சத்தத்தோடு போனது ஒரு குடும்பத்தின் சேமிப்பு.

இது புரிவதற்காகப் போட்ட கணக்கு. உங்கள் சைட் ரன்வே நேர்கோட்டில் இருக்கிறதா, பக்கவாட்டில் இருக்கிறதா என்பதைப் பொறுத்து எல்லாம் மாறும். பக்கவாட்டில் இருந்தால், சாதாரணமாக 4 கிலோமீட்டர் சுற்றளவுக்கு நிலைய மட்டத்திலிருந்து 45 மீட்டர் வரை இடம் உண்டு, உங்கள் வீட்டுக்கு அது பிரச்சினையே இல்லை. ஆனால் சின்னியம்பாளையம் ஏறக்குறைய ரன்வேயின் வடகிழக்கு நேர்கோட்டிலேயே வருகிற ஊர், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

இதைப் பார்க்க ஆணையம் வண்ண மண்டல வரைபடம் வெளியிட்டிருக்கிறது. 2015 விதிகளின்படி நிலையத்தைச் சுற்றி 20 கிலோமீட்டருக்கு உயரக் கட்டுப்பாடு உண்டு. சிவப்புக் கட்டத்தில் இருந்தால் எவ்வளவு சின்ன வீடானாலும் ஆணையத்திடம் தடையில்லாச் சான்று வாங்கியே ஆக வேண்டும், மற்ற வண்ணங்களில் அந்தக் கட்டத்துக்குக் குறித்த உயரம்வரை உள்ளாட்சியே அனுமதி தரலாம். விண்ணப்பம் ஆன்லைனில்தான், சைட்டின் அட்சரேகை, தீர்க்கரேகையோடு தரைமட்டத்தையும் சர்வேயரிடம் அளந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சூலூர் விமானப்படைத் தளத்தின் எல்லைக்குள்ளும் வருகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள், அதற்குத் தனிச் சான்று.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுவது. சான்றில் "440 மீட்டர்" என்று போட்டு வரும். பார்த்தவுடன் சந்தோஷமாகிவிடும். அது கடல் மட்டத்திலிருந்து கணக்கு. உங்கள் சைட்டின் தரையே 400 மீட்டரில் இருந்தால் நீங்கள் கட்டக்கூடியது 40 மீட்டர், சான்றில் 412 என்று வந்தால் வெறும் 12. அந்தக் கழித்தலை நீங்களே போட்டு, இன்ஜினியரின் பிளானில் தொட்டியின் உச்சிவரை எவ்வளவு என்று கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். முக்கியமாக, நீட்டப்போகும் ரன்வேயை வைத்துத்தான் இந்த உயரம் போட்டிருக்கிறதா என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டடத்துக்குக் கொடுக்கும் சான்று 8 வருடம் செல்லும், அதற்குள் கட்டி முடித்துவிட வேண்டும்.

உயரம் நெருக்கடியாக வந்தால் தொட்டியை மேலே வைக்காமல் பிரஷர் பம்ப் வைத்துக்கொள்ளலாம், மாடிப்படியை வெளியே கொண்டுபோகலாம். இரண்டு மீட்டரை மிச்சம் பிடிக்க வழி இருக்கிறது, பிளான் தாளில் இருக்கும்போது.

வாடகைக்கு விடுவதாகச் சொன்னதால் சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் விமானம் காற்றை எதிர்த்து இறங்க வேண்டும், அதனால் நீலாம்பூர், சின்னியம்பாளையம் பக்கமாகத்தான் தாழ வரும். ஆடி மாதம் ஒரு நாள் விடிகாலையிலும் ஒரு நாள் ராத்திரியிலும் சைட்டில் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். தாங்கலாம் என்று தோன்றினாலும் படுக்கை அறை ஜன்னலுக்குக் கனமான கண்ணாடி போட இப்போதே பட்ஜெட்டில் ஒதுக்குங்கள். தரைத்தளத்தைக் கடைக்கு விடும் எண்ணம் வந்தால் கறிக்கடை வேண்டாம், பறவை கூடுகிற மாதிரி கழிவு போடுவதற்கு நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டர் வரை தடை இருக்கிறது.

பக்கத்து சைட். புரோக்கர் சொல்லும் விலையில் ரன்வே ஏற்கெனவே சேர்ந்துதான் இருக்கிறது, 2010-லிருந்து அந்தப் பக்கம் எல்லோரும் அதைச் சொல்லித்தானே விற்கிறார்கள். அந்தப் பக்கம் நிஜமாக விலையை மாற்றுவது ரோடு. உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள், அதை நீலாம்பூர் வரை நீட்டும் பேச்சு இருக்கிறது. அப்படி நீளும்போது அவிநாசி ரோட்டை ஒட்டிய சைட்டில் முன்பக்கம் கொஞ்சம் போகவும் வாய்ப்புண்டு. 1994-க்கு அப்புறம் கோவைக்குப் புது மாஸ்டர் பிளானே இல்லாமல் இருந்து, 2041-ஐ இலக்காக வைத்த திட்டத்தின் வரைவு 2024-ல்தான் வந்தது. அந்தத் திட்டத்தின் இப்போதைய வடிவத்தில் அந்த சைட் குடியிருப்பு மண்டலமா, சாலைக் கோட்டுக்குள் வருகிறதா என்று நகர ஊரமைப்பு அலுவலகத்தில் பாருங்கள். எல்லாம் சரியாக இருந்து, கையில் இருக்கும் பணத்தில் முடிந்தால் வாங்குங்கள். வட்டி கட்டிக்கொண்டு ரன்வேக்குக் காத்திருக்காதீர்கள், நம் ஊர் ரன்வே 15 வருடம் காக்க வைத்திருக்கிறது.

இந்த வாரம் புலப்பட வரைபடத்தை எடுங்கள். அடுத்த வாரம் சர்வேயரைக் கூப்பிட்டுத் தரைமட்டத்தை அளந்துவிடுங்கள். அளவு வந்ததும் பிளானோடு எனக்கு அனுப்புங்கள், தொட்டியை எங்கே வைக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.