ரோஜாவுக்கு முன் ஒரு கோலம்

கேள்வி: 46 வயதில் கை எம்ப்ராய்டரி பழக ஆசைப்பட்டு, பெரிய ரோஜாக்கொத்து அச்சிட்ட தலையணை உறை ஒன்றை வாங்கி, சாட்டின் தையலில் தைத்தேன். இதழ்கள் கோணலாகி, துணியும் சுருங்கிவிட்டது. இந்தக் கலை என் கைக்கு வராதோ என்று தோன்றுகிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் எந்த மாதிரியான டிசைன்களைத் தைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பெரிய இதழ்களைக் கொண்ட ரோஜாவை முதல் டிசைனாக எடுத்துக்கொண்ட யாருக்கும் இப்படித்தான் ஆகியிருக்கும். அதை வைத்து உங்கள் கையை எடைபோட வேண்டாம். சாட்டின் தையலில் நூல் இதழின் ஒரு விளிம்பில் மேலெழுந்து, எதிர் விளிம்பில் இறங்கி, துணியின் அடிப்பக்கமாகவே முதல் விளிம்புக்குத் திரும்புவதால், ஒவ்வொரு குத்தும் அந்த இரு விளிம்புகளையும் நெருக்கி இழுக்கிறது. இதழின் அகலம் 1 செ.மீ.க்கு மேல் போனால், இந்த இழுப்பைச் சமமாக வைத்திருப்பது நன்கு பழகிய கைக்கே சிரமம்: சற்றுத் தளர்த்தினால் நூல் தொங்கும், சற்று இறுக்கினால் துணி சுருங்கும். துணியை விறைப்பாகப் பிடிக்கும் எம்ப்ராய்டரி வளையத்தில் அது தொய்வாக இருந்துவிட்டால் சுருக்கம் இரட்டிப்பாகும்.

ஆகவே தொடக்கத்தில் உள்ளே நிரப்ப வேண்டிய டிசைன்களைத் தள்ளிவைத்து, கோடுகளால் மட்டுமே அமைந்தவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கொடி, காம்பு, நடுநரம்புடன் கூடிய இலை, ஐந்திதழ்ப் பூ ஆகியவை எல்லோரும் சொல்பவை, அவற்றில் தவறில்லை. ஆனாலும் நான் முதலில் பரிந்துரைப்பது, வாசலில் போடும் சிக்குக் கோலத்தை. கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு வளைவு எங்கே திரும்ப வேண்டும் என்பது கைக்கே தெரிந்திருக்கும் என்பதால், கவனம் முழுவதையும் ஊசியின் மேல் வைக்க முடிகிறது.

1, 3, 1 என்று ஐந்து புள்ளிகள் வைத்த சிறு கோலமே போதும். புள்ளிக்குப் புள்ளி 1.5 செ.மீ. இடைவெளி விட்டால் கோலம் ஏறத்தாழ 4.5 செ.மீ. அகலத்தில், ஒரு கைக்குட்டையின் மூலைக்குப் பொருத்தமாக அமையும். வெளிர் நிறத் துணியானால், தாளில் வரைந்த கோலத்தின் மேல் துணியை விரித்து, பகல் வெளிச்சம் வரும் ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பென்சிலால் மெல்லிய கோடாக எடுத்துவிடலாம். கார்பன் தாளின் கறை சில சமயம் துவைத்தாலும் போவதில்லை என்பதால், வெள்ளைத் துணியில் அதைத் தவிர்ப்பதே நல்லது.

கோட்டைச் சங்கிலித் தையலில், அதாவது ஒன்றுக்குள் ஒன்று கோத்த நூல் கண்ணிகளாக, தையுங்கள். எம்ப்ராய்டரி நூற்கண்டில் ஆறு இழைகள் சேர்ந்திருக்கும். அவற்றில் இரண்டை மட்டும், ஒவ்வொன்றாக உருவி எடுத்துச் சேர்த்துக் கோத்துக்கொள்ளுங்கள். நூல் 45 செ.மீ.க்கு மேல் நீண்டால் முறுக்கேறிச் சிக்கும். நேராக ஓடும் இடங்களில் ஒவ்வொரு கண்ணியும் 4 மி.மீ. இருக்கலாம், புள்ளியைச் சுற்றி வளையும்போது அதைப் பாதியாகக் குறைத்தால்தான் வளைவு முனை முனையாக உடையாமல் உருண்டு வரும். ஒரு கோடு மற்றொன்றைக் கடக்கும் இடத்தில், முன்பு தைத்த நூலில் குத்திவிடாமல், புதிய கண்ணி அதைத் தாண்டி அமையும்படி தையுங்கள். கடைசிக் கண்ணிக்கு ஊசியை முதல் கண்ணியின் அடியில் நுழைத்து எடுத்து, வந்த துளையிலேயே இறக்கினால், கோலம் தொடங்கிய இடமும் முடிந்த இடமும் தெரியாது. பிறகு ஐந்து புள்ளிகளிலும் ஒவ்வொரு பிரெஞ்சு முடிச்சு, அதாவது ஊசியில் நூலைச் சுற்றி, நூல் வந்த துளைக்கு அருகிலேயே இறக்கிப் போடும் சிறு முடிச்சு. ஊசியில் நூலை ஒரே சுற்றுச் சுற்றினால் போதும். இரண்டு மூன்று சுற்றுகளுக்குப் போனால் புதியவர்களுக்கு முடிச்சு அவிழ்ந்து கண்ணியாகத் தொங்கிவிடும்.

நிரப்பித்தான் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தால், வங்காளத்துக் காந்தா வேலைப்பாட்டைப் பின்பற்றுங்கள். பழைய புடவைகளை அடுக்கி, சாதாரண ஓட்டுத் தையலாலேயே அங்குள்ள பெண்கள் மீனையும் தாமரையையும் நிரப்பியிருக்கிறார்கள். ஒரு மீனின் புறக்கோட்டைத் தைத்துவிட்டு, அதே வடிவில் உள்ளுக்குள் 3 மி.மீ. விட்டு வரிசை வரிசையாகச் சென்றால், குத்துகள் சிறியவை என்பதால் இழுப்பு ஓரிடத்தில் குவியாது.

ஒரு நாள் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றி வையுங்கள். அப்படியே விட்டால் துணியில் வட்டத் தடம் பதிந்துவிடும். அடர்சிவப்பு நூலைத் தைக்கும் முன், ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்திச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

அந்தத் தலையணை உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நூலை மேற்புறத்தில் பிடித்து இழுத்தால் துணி கிழியும். அடிப்பக்கத்தில் சிறு கத்தரியால் வெட்டி மெதுவாக உருவிவிட்டு, ஈரத்துணி போட்டு இஸ்திரி செய்தால் பழைய ஊசித் துளைகள் பெரும்பாலும் மூடிக்கொள்ளும். கோலமும் மீனும் தைத்துக் கை பழகிய பின், அதே ரோஜாவின் அச்சுக் கோடுகள் மறையும்படி, புறக்கோட்டை மட்டும் இரண்டு இழைகளால் காம்புத் தையலில், அதாவது ஒன்றையொன்று சற்றுத் தழுவிச் செல்லும் சாய்ந்த குத்துகளாக, தையுங்கள்.