விளக்குக் கடை அண்ணாச்சிக்கு ஒரு பதில்

அண்ணாச்சி, வணக்கம்.

"எம்.எஸ்சி. பிசிக்ஸ் படிச்ச புள்ள, கம்ப்யூட்டர்ல லைட்டப் போட்டு அணைக்கவா பெங்களூர் போவணும்?" என்று போனில் கேட்டீர்கள். அப்போது சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். உங்கள் மகளுக்குக் கிடைத்திருப்பது, கார் விளக்கு வடிவமைக்கும் இடத்தில் ஆறு மாத இன்டர்ன்ஷிப். வேலை விவரத்தில் 'ரே டிரேசிங் மென்பொருளில் ஒளிமூலங்களை வரையறுத்துப் பராமரித்தல்' என்று ஒரே ஒரு வரி. ரே டிரேசிங் என்றால், விளக்கிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கே போய் விழும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுவது. படித்தால் டேட்டா என்ட்ரி மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அது என்ன வேலை என்பது, பாளையங்கோட்டையில் இத்தனை வருஷம் பல்பு விற்ற உங்களுக்கு மற்ற அப்பாக்களைவிடச் சீக்கிரம் புரியும்.

கடையில் ஒரு எல்.இ.டி. பல்பு பெட்டியை எடுங்கள். 9 வாட், 900 லூமென் என்று போட்டிருக்கும். லூமென் என்பது கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அளவு. இந்தப் பல்பை மென்பொருளில் வைக்கும்போது 'பவர் எவ்வளவு?' என்று ஒரு கட்டம் கேட்கும். அதில் 9 என்று அடித்தால் தப்பு. பெட்டியில் இருக்கும் 9 வாட், பல்பு இழுக்கும் மின்சாரம். மென்பொருள் கேட்பது வெளியே வரும் ஒளியின் வாட். வெள்ளை எல்.இ.டி. ஒளியில் ஒரு வாட்டுக்குச் சுமார் 300 லூமென் கிடைக்கும். ஆக 900 லூமெனுக்கு ஏறக்குறைய 3 வாட்தான். 9 என்று கொடுத்தவரின் விளக்கு, திரையில் மூன்று மடங்கு பிரகாசமாக எரியும். மென்பொருள் ஒரு எச்சரிக்கையும் தராது. கணக்கு சரியாகவே போடும், தப்பான விளக்குக்கு. அந்த 300-ம் நிறத்துக்கு நிறம் மாறும். 555 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சையில் ஒரு வாட்டுக்கு 683 லூமென், சிவப்புக்குப் போகப் போகக் குறையும். பிசிக்ஸ் இங்கேதான் சோறு போடுகிறது.

என்னிடம் வந்த ஒரு பையன், நல்ல மார்க்கு வாங்கியவன்தான், முதல் மாசமே இடறிய இடம் வேறு. எல்.இ.டி. தயாரிப்பாளர்களே 'ரே ஃபைல்' தருகிறார்கள். ஒளி தரும் சில்லை (சிப்) அளந்து, எந்தப் புள்ளியிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு ஒளி போகிறது என்று லட்சக்கணக்கான கதிர்களை எழுதிவைத்த கோப்பு. பையன் அதை இறக்கி, கூடவே எல்.இ.டி.யின் முப்பரிமாண மாடலையும், மேலே இருக்கும் குமிழ் லென்ஸோடு வைத்துவிட்டான். அந்தக் கோப்பில் இருப்பதோ குமிழைத் தாண்டி வந்த ஒளி. ஒரே லென்ஸில் இரண்டு தடவை வளைந்ததுபோல் ஆகிவிட்டது. கோப்பின் மையமும் மாடலின் மையமும் அரை மில்லிமீட்டர் விலகினாலும் வம்புதான். ஹெட்லைட்டின் லோ பீமில் எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க, மேலே ஒளி சட்டென்று வெட்டுப்படும் கோடு ஒன்று உண்டு. அது கலைந்துவிடும்.

கதிர் எண்ணிக்கை இன்னொரு தலைவலி. படத்தில் காட்ட இருபது கதிர் போதும். கணக்குக்கு லட்சங்கள் வேண்டும். குறைத்தால் விடை புள்ளி புள்ளியாக, பழைய டி.வி. இரைச்சல் மாதிரி தெரியும். இரைச்சல் பாதியாகக் கதிர்கள் நாலு மடங்கு ஆக வேண்டும். ராத்திரி முழுக்க கம்ப்யூட்டர் ஓடும்.

'பராமரித்தல்' என்பதை நீங்கள் லேசாக நினைத்தீர்கள். ஒரு பின்விளக்குக் கூட்டுக்குள் டெயில், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பெயர், பவர், எரிகிறதா அணைந்திருக்கிறதா என்ற நிலை. இண்டிகேட்டரைச் சோதிக்கும்போது பிரேக் விளக்கை அணைக்க மறந்தால் அந்த அறிக்கை குப்பைக்குத்தான். தயாரிப்பாளர் எல்.இ.டி.யை மாற்றியிருப்பார், மென்பொருளில் நாம் சேர்த்து வைத்த தொகுப்பில் பழைய கோப்பே கிடக்கும். உங்கள் கடையில் பழைய ஸ்டாக்கும் புது ஸ்டாக்கும் கலக்காமல் பார்ப்பீர்களே, அந்தக் கவனம்தான். அது பிள்ளைக்கு உங்களிடமிருந்தே வந்திருக்கும்.

இனி, உங்களுக்குப் பிடிக்காத உண்மை. இது சின்னத் துறை. ஐ.டி. மாதிரி ஊருக்கு ஊர் ஆள் எடுக்க மாட்டார்கள். பெங்களூர், புனே, சென்னை என்று சில ஊர்களோடு சரி. ஆறு மாசத்துக்கு அப்புறம் என்ன என்பதையும், உதவித்தொகையையும் எழுத்தில் வாங்குங்கள். தொடர்ந்து படிக்க வழி இருக்கிறது. கேட் நுழைவுத் தேர்வு எழுதினால் டெல்லி ஐ.ஐ.டி.யில் அப்ளைடு ஆப்டிக்ஸ் (ஒளியியலின் பயன்பாடு) எம்.டெக். உண்டு. 'ஜீமேக்ஸ் சொல்லித் தருகிறோம், வேலை உத்தரவாதம்' என்று, இந்த மாதிரி ஒளி மென்பொருள் ஒன்றின் பெயரைச் சொல்லி யாராவது லட்சத்தில் ஃபீஸ் கேட்டால் கட்டாதீர்கள். பட்டன்களை அலுவலகத்திலேயே பழகிக்கொள்ளலாம். கை பழக 'ரே ஆப்டிக்ஸ் சிமுலேஷன்' என்று பிரவுசரிலேயே ஓடும் இலவசக் கருவி இருக்கிறது. புள்ளி ஒளி, இணைக் கதிர், லென்ஸ் என்று இழுத்து வைத்துப் பார்க்கலாம், நீங்களும்கூட.

இந்தக் கடிதத்தை அவளிடம் காட்டாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பல்பு பெட்டியை நீட்டி, "இத உன் கம்ப்யூட்டர்ல வச்சா பவர் எத்தன வாட்டுனு போடுவ?" என்று கேளுங்கள். யோசிக்காமல் ஒன்பது என்றால், இன்னும் ஒரு மாசம் வீட்டிலிருந்து படிக்கட்டும். "இது கரண்டு வாட்டா, ஒளி வாட்டாப்பா?" என்று உங்களையே திருப்பிக் கேட்டால், அன்றைக்கே பெங்களூருக்கு டிக்கெட் போட்டுவிடுங்கள்.