பரணை அம்மா இருக்கும்போதே இறக்குங்கள்

அம்மா ஊருக்குப் போயிருக்கும் நேரத்தில் பரணைக் காலி செய்துவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். பெயர் வெட்டிய எவர்சில்வர் குடமும் தூக்குச்சட்டியும் அவருக்குச் சீராக வந்தவை. யாருக்கு எது என்று அவர் கையாலேயே எடுத்துக் கொடுக்கட்டும். பித்தளை, வெண்கலத்தை அவசரப்பட்டுப் பழைய சாமான்காரரிடம் போடாதீர்கள், பாத்திரக்கடையில் எடை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். பட்டுப்புடவை நைந்திருந்தாலும் ஜரிகை அசல் வெள்ளியாக இருந்தால் விலை உண்டு.

அப்புறம் அந்த டிரங்குப் பெட்டி. காகிதம்தானே என்று மொத்தமாக எடைக்குப் போட்டுவிடாதீர்கள். மூலப்பத்திரம், பட்டா, பழைய வீட்டுவரி ரசீது எல்லாம் கல்யாணப் பத்திரிகைகளுக்கு நடுவில்தான் கிடக்கும். ஒவ்வொரு தாளாகப் பிரித்துப் பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் நகல் கிடைக்கும், சரி, ஆனால் வீட்டுக் கடனுக்கு வங்கியில் அசலைத்தான் கேட்பார்கள். கிடைத்த பத்திரத்தை லேமினேட் செய்யாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.